எம்.எஸ்.வி. பிறந்த நாள் கச்சேரியில் எங்கள் பிள்ளைகளுக்கு 20 நிமிடம்: என்ன வாசிக்கலாம்?

கடலூர் பாட்டு டீச்சர் (மே 19)

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகப் பாட்டு டீச்சராக இருக்கிறேன். ஆர்கெஸ்ட்ரா, மேடை, சவுண்டு பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் என்பதால் கேட்கிறேன்.

ஜூன் 24 எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த நாள். கண்ணதாசனுக்கும் அதே தேதிதான். கவிஞர் பிறந்தது 1927, இவர் 1928. அன்றைக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் ரசிகர்கள் சிலர் சேர்ந்து கச்சேரி வைக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு குழு வருகிறது. எம்.எஸ்.வி. பாட்டைத் தவிர வேறு யார் பாட்டையும் தொடுவதில்லை. நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், இடையிசையில் ஒரு நோட்டு பிசகாது. அவர்களுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு 20 நிமிடம் தருகிறோம் என்றதும் சந்தோஷமாகச் சரி சொன்னேன்.

போன வாரம் மறுபடி போன். "டீச்சர், பிள்ளைங்க ரெண்டு பஜனைப் பாட்டு, ஒரு தேசபக்திப் பாட்டு பாடட்டும். எம்.எஸ்.வி. பாட்டு மட்டும் வேண்டாம், அதெல்லாம் குழு வாசிக்கும்" என்கிறார்கள். குழுவே அப்படிக் கேட்டுக்கொண்டதாம்.

அவர் பிறந்த நாளில் அவர் பாட்டு வேண்டாம் என்றால் என் பிள்ளைகள் அந்த மேடையில் எதற்கு?

மொத்தம் பதினோரு பேர். ஐந்து வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு மிருதங்கம், நான்கு பேர் பாட்டு. வயலின் ஐந்தும் பள்ளியின் பழைய மாணவி ஒருவர் வாங்கிக் கொடுத்தவை. இப்போது லீவு என்பதால் என் வீட்டு மாடியில் காலை ஏழு முதல் ஒன்பது வரை பயிற்சி. அதற்கு மேல் தளம் கொதிக்கும், கால் வைக்க முடியாது. கடல் காற்றில் தந்தி துருப்பிடித்துவிடும் என்று முதல் வருஷம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அன்றிலிருந்து வாசித்து முடித்ததும் ஒவ்வொருத்தியும் பழைய வேட்டித் துணியால் தந்தி நான்கையும் துடைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. அதனால் அவள் அப்பாவே தினமும் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். விட்டுவிட்டுப் போவதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் கேட்டுவிட்டுத்தான் கூட்டிப்போகிறார்.

போன வருஷம் வேறொரு விழாவில் நடந்ததைச் சொன்னால் என் பயம் உங்களுக்குப் புரியும். நாலரை மணிக்கு மேடையேற்றினார்கள். வெயில் நேராக முகத்தில். எதிரே இருநூறு நாற்காலி, ஆள் பதினைந்து, அதிலும் பாதி எங்கள் பெற்றோர். பின்னால் டிரம்ஸ் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள், நட்டு முடுக்கும் சத்தம் மைக்கில் வருகிறது. இரண்டாம் பாட்டில் சரணம் எடுக்கும்போது சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். யாரோ கையைக் காட்ட, மைக் நின்றது. முதல் வயலின் பிள்ளை வில்லை மேலே இழுத்திருந்தாள், கை அப்படியே நின்றுவிட்டது. பொன்னாடை போர்த்தும் நெரிசலில் ஒரு சால்வை நழுவி மிருதங்கத்தின் மேல் விழுந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாசித்தவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம் மைக் வந்தது விருந்தினருக்குத்தான். எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ், அதில் பள்ளிப் பெயர் தப்பு.

இன்னொரு முறை அப்படி நடக்க விடமாட்டேன். குழுவிடம் எப்படிப் பேசுவது? என்ன வாசிப்பது? இல்லை, வேண்டாம் என்று விலகிவிடுவதுதான் பிள்ளைகளுக்கு மரியாதையா?

முதுநகர் பாங்கோஸ் (மே 19)

டீச்சரம்மா, வணக்கம். விலகாதீங்க.

முப்பது வருஷமா ஆர்கெஸ்ட்ராவுல ரிதம் வாசிக்கிறேன். பாங்கோஸ், தும்பா, டோலக், இப்ப எலக்ட்ரானிக் பேடு. குழுக்காரங்க ஏன் வேண்டாம்னு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் கிடையாது. முன்னாடி ஒருத்தர் பாடிட்டுப் போன பாட்டை நாம திரும்ப எடுத்தா ஜனம் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிடும். நாலு மாசம் ஒத்திகை பார்த்த பாட்டு அது. அந்தப் பயம்தான்.

அதனால நீங்க 20 நிமிஷத்துக்கு மல்லுக்கட்டாதீங்க. வேற கேளுங்க. கச்சேரி நடுவுல ரெண்டே பாட்டுக்குப் பிள்ளைங்களைக் குழுவோட உட்கார வைக்கச் சொல்லுங்க. எட்டு மணி, எட்டரை மணி, கூட்டம் நல்லா கட்டி நிக்கிற நேரம். மிச்சமெல்லாம் விட்டுக்கொடுங்க.

எதை வெச்சுக் கேக்கறதுன்னா, உங்ககிட்ட அஞ்சு வயலின் இருக்கு. அந்தக் குழுவுல எத்தனை வயலின்? ஒண்ணு இருந்தாலே பெரிசு. இன்னிக்கு எந்த ஆர்கெஸ்ட்ராவா இருந்தாலும் வயலின் கோஷ்டி வர்ற இடத்தைக் கீபோர்டு அண்ணன் ஒரே கையில 'ஸ்டிரிங்ஸ்' டோன் போட்டு வாசிச்சுடுவார். சத்தம் வரும். வில் தந்தியில உரசுற அந்தக் காத்து வராது. அந்தக் காலத்துப் பாட்டுல அதுதானே உசுரு! எம்.எஸ்.வி. கூட 1952லேருந்து 1965 வரைக்கும் சேர்ந்து இசையமைச்ச டி.கே.ராமமூர்த்தி யாரு? வயலின்காரர். திருச்சிக்காரர். ரெண்டு பேரையும் சேர்த்துத்தானே மெல்லிசை மன்னர்கள்னு சொன்னோம். அவங்க பாட்டு வாசிக்கிற குழுவுக்கு அஞ்சு நிஜ வயலின் கிடைக்குதுன்னா எந்தத் தலைவர் வேண்டாம்பார்?

ஒரு விஷயம் மட்டும் முதல்லயே கேட்டுடுங்க: கட்டை, அதாவது சுருதி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு. உங்க பிள்ளைங்க எந்தக் கட்டையில சேர்த்து வெச்சிருக்காங்க? குழு ஒரிஜினல் சுருதியிலதான் வாசிக்கும், உங்களுக்காக மாத்தாது. நாலு கட்டைப் பாட்டை எடுத்தா அஞ்சு வயலினும் தந்தி இறக்கணும், மேடையில அது நடக்காது. பெண்குரல் பாட்டா எடுங்க, சுசீலாம்மா பாடினதா. உங்க பிள்ளைங்க சுருதிக்குப் பக்கத்துலயே வரும்.

எனக்குப் பதிமூணு வயசு. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழா. மேடைக்குக் கீழ நின்னு தொடையில தட்டிக்கிட்டு இருந்தேன். குழுத் தலைவர் பார்த்துட்டு மேல கூப்பிட்டு, கிலுகிலுப்பை மாதிரி குலுக்குற மொராக்கோஸைக் கையில கொடுத்தார். ஒரே பாட்டு. எங்க வேகமெடுத்துடுவேனோன்னு என் கால்மேல அவர் காலை வெச்சு, தாளத்துக்குத் தாளம் அமுக்கிக்கிட்டே இருந்தார். செருப்பில்லாத கால். இப்பவும் பேடு முன்னாடி உட்கார்ந்தா அந்த அழுத்தம் தெரியும். தனியா 20 நிமிஷம் கொடுத்திருந்தா எனக்கு அது கிடைச்சிருக்காது.

பாகூர் அம்மா (மே 20)

டீச்சர், எனக்கு இசை தெரியாது. ஒன்று மட்டும் தோன்றியது, சொல்கிறேன்.

நாங்கள் புதுச்சேரி மாநிலம். எங்கள் பக்கம் தமிழ்த்தாய் வாழ்த்து என்றால் பாரதிதாசன் எழுதியது. என் மகளைக் கடலூரில் பள்ளியில் சேர்த்தபோதுதான் உங்கள் ஊர் வாழ்த்தை முதல் முறை நின்று முழுசாகக் கேட்டேன். மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது. வீட்டுக்கு வந்து இது யார் மெட்டு என்று மகளிடம் கேட்டேன், அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள்: எம்.எஸ்.விஸ்வநாதன்.

உங்கள் பிள்ளைகள் தினமும் காலையில் பிரேயரில் பாடுவது எம்.எஸ்.வி. பாட்டுதானே? விழா எப்படியும் அதில்தான் தொடங்கும். அதை செல்போனில் போடாமல் இவர்களே பாடட்டும். அதை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

கடலூர் பாட்டு டீச்சர் (மே 20)

பாகூர் அம்மா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாகத் தினமும் காலையில் ஹார்மோனியத்தில் சுருதி கொடுக்கிறேன். மோகன ராகம், திஸ்ர தாளம் என்று பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மெட்டு யாருடையது என்றும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கச்சேரியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே இருக்கிறது: 55 விநாடியில் பாட வேண்டும், பொது நிகழ்ச்சிகளில் ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்று. எங்கள் ஊர் விழாக்களில் பாதிக்கு மேல் செல்போனை மைக்கில் பிடித்துத்தான் ஓடுகிறது. நடுவில் விளம்பரம் வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதுநகர் அண்ணா, வயலின் எல்லாம் ஐந்தரைக் கட்டையில் இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே குழுத் தலைவரிடம் நேராகப் பேசினேன். "அஞ்சு வயலினா?" என்று ஒரு முறை கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்குக் கூட்டிட்டு வாங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவு போதும் எனக்கு.

அரியாங்குப்பம் சவுண்டு (மே 21)

நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன், மைக் விஷயம் மட்டும் சொல்லிடறேன் மேடம்.

அஞ்சு வயலினுக்கு அஞ்சு மைக் கேக்காதீங்க. கொடுத்தாலும் வாங்காதீங்க. மைக் கூடக் கூட ஊளைதான் கூடும். முன்னால இருக்கிற ரெண்டு பிள்ளைங்களுக்குச் சின்ன கிளிப் மைக், பின்னால மூணு பேருக்கும் நடுவுல ஒரு சாதா மைக், வயலின்லேருந்து ரெண்டு சாண் தள்ளி. போதும். ஸ்டாண்டுல வைக்கிற பெரிய கண்டென்சர் மைக், சின்னச் சத்தத்தையும் இழுக்கிறது, அதை அந்த மைதானத்துல வைக்க விடாதீங்க. கடல்காத்து சாயங்காலம் நல்லா வீசும், பாக்ஸ்ல பஸ் போற மாதிரி கேக்கும்.

அவங்க பக்கம் திருப்பி ஒரு மானிட்டர் பாக்ஸ் கட்டாயம் வேணும். பிள்ளைங்க வேகமெடுக்கறது பயத்துல மட்டும் இல்ல மேடம், தன் சத்தமே தனக்குக் கேக்காம இருக்கறதாலயும்தான். டிரம்ஸுக்குப் பக்கத்துல உட்கார வைக்காதீங்க.

சவுண்டு செக் பண்றப்ப யார் முதல்ல மேடையேறாங்களோ அவங்களுக்குக் கடைசியா செக் பண்ணணும். அப்பதான் வெச்ச லெவல் கலையாம இருக்கும். இதை மறந்துட்டுப் பிள்ளைங்களை முதல்ல செக் பண்ணி அனுப்பிடுவாங்க. நீங்க அஞ்சு மணிக்கு மேல வர்றோம்னு சொல்லிடுங்க.

மிருதங்கத்தை வெயில்ல வெச்சு ஏத்தினா ராத்திரி ஈரக்காத்துல இறங்கிடும். துணி சுத்தி நிழல்ல வெச்சிருந்து, மேடைக்கு ஏறுறதுக்குக் கால் மணி முன்னாடி அங்கேயே கல்லால தட்டிச் சேர்க்கச் சொல்லுங்க. பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கறது 2000ஆம் வருஷ ஒலி மாசு விதி. நேரம் இழுத்தா முதல்ல வெட்டு விழறது பிள்ளைங்களுக்குத்தான், அதனால கடைசிப் பாட்டுன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

நெல்லிக்குப்பம் குமாஸ்தா (மே 21)

ஒரு சின்ன விஷயம். பள்ளிக்குள், ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தால் பதிப்புரிமைச் சட்டம் (1957) 52ஆம் பிரிவு விலக்கு கொடுக்கிறது. மைதானத்தில் பொதுமக்களுக்கு வாசிப்பது அதில் வராது. சினிமாப் பாட்டு என்பதால் பாட்டு உரிமைக்கான அனுமதியை நடத்துபவர்கள்தான் வாங்க வேண்டும். டீச்சர் தலையில் கட்ட விடாதீர்கள். ஒரு கடிதத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலூர் பாட்டு டீச்சர் (ஜூன் 26)

எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நேற்று முழுக்கத் தூங்கினேன், இப்போதுதான் எழுத முடிகிறது.

முதல் ஒத்திகை நன்றாகவே இல்லை. பிள்ளைகளைப் புதுச்சேரி பஸ்ஸில் கூட்டிப்போனேன். இரண்டு பாட்டு தயார் செய்திருந்தோம். இடையிசை தொடங்கினதும் ஐந்து பேரும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள், தபேலாக்காரர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. ஒரு பாட்டை எடுத்துவிட்டார். "ஒண்ணு போதும் டீச்சர். ஒண்ணைச் சுத்தமா பண்ணுவோம்" என்றார். அது ஐந்து கட்டைப் பாட்டு. அரைக் கட்டை இறக்கினால் போதும் என்பதால் பத்து நாள் முன்பே எல்லா வயலினையும் இறக்கி வைத்துப் பழகினோம், வாழ்த்தையும் ஐந்து கட்டையிலேயே எடுத்தோம். இடையிசை நோட்டைக் கீபோர்டு தம்பி ச ரி க ம என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதின தாளைப் பிள்ளைகள் லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 24 சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒரு பிள்ளையின் வயலினில் முதல் தந்தி அறுந்தது. அவ்வளவு துடைத்தும், அடியில் பிரிட்ஜ் பக்கம் துரு ஏறியிருந்திருக்கிறது. புதுத் தந்தி போட்டால் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்குமே. அவள் வாழ்த்திலும் பாட்டிலும் விடாமல் வாசித்தாள், நடுவில் இரண்டு தடவை திருகாணியைத் திருகினாள். பிசகினதைக் கேட்டவர்கள் கேட்டிருப்பார்கள். அவள் அழவில்லை.

ஆறரைக்கு வாழ்த்து. ஐந்து பிள்ளைகள் பாட, ஐந்து வயலினும் மிருதங்கமும் கூடவே. மைதானத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வழக்கமாக முடிந்ததும் நாற்காலி இழுக்கிற சத்தம்தான் வரும். அன்றைக்கு ஒரு பெரியவர் கை தட்டிவிட்டார், வாழ்த்துக்குத் தட்டலாமா என்று யோசித்துப் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். தொகுத்து வழங்கியவரிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன், "மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன்" என்று வாசித்தார்.

பிறகு எட்டு இருபதுக்குக் குழுவோடு அந்த ஒரு பாட்டு. இரண்டாம் இடையிசைதான் எங்கள் இடம், பதினெட்டு விநாடி. ஒத்திகையில் எல்லாம் கீபோர்டு தம்பியும் கூடவே வாசித்தார், பிள்ளைகள் தடுக்கினால் தாங்கிக்கொள்ள. மேடையில் அந்த இடம் வந்ததும் அவர் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றது. ஐந்து வில்லும் ஒன்றாக இறங்கியது. முதுநகர் அண்ணா, நீங்கள் சொன்னீர்களே அந்த உரசல், அது பாக்ஸ் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. அடுத்த சரணத்துக்கு அவர் கையைத் திரும்ப வைத்தபோது பிள்ளைகள் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. சக வாத்தியக்காரர்களிடம் இருப்பது போலத்தான் இருந்தார்.

தேவனாம்பட்டினத்துப் பிள்ளையின் அப்பா அன்று தொழிலுக்குப் போகவில்லை. தடை முடிந்து பத்து நாள்தான், ஒரு நாள் போகாவிட்டால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். மேடைக்கு இடது பக்கம் சவுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டு மாடிப்படியில் ஒன்றரை மாதம் கேட்டவர் இல்லையா, எந்த இடத்தில் வில் திரும்பும் என்று அவருக்கும் தெரியும்.

சரியாக வராததும் சொல்கிறேன். புல்லாங்குழல் ஐந்தரைக் கட்டைக் குழல், ஐந்து கட்டைக்கு வேறு குழல் வாங்கப் பணம் இல்லை, அந்தப் பிள்ளை வாழ்த்தில் பாட மட்டும் செய்தாள். மிருதங்கத்துக்கு வாழ்த்தோடு சரி. குழுவின் பாட்டு பாங்கோஸும் தபேலாவும் போட்டது, அதில் அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. போன வருஷம் சால்வை விழுந்தது அவள் மிருதங்கத்தின் மேல்தான். வீட்டுக்குப் போகும்போது, "எனக்கு பாங்கோஸ் சொல்லித் தருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு அது தெரியாது.

முதுநகர் பாங்கோஸ் (ஜூன் 26)

ஞாயித்துக்கிழமை காலையில வரட்டும் டீச்சரம்மா. வாத்தியம் என்கிட்ட இருக்கு, வாங்க வேண்டாம். மிருதங்கம் தெரிஞ்ச விரல் சீக்கிரம் பிடிச்சுக்கும். வீட்டுல யாராவது ஒருத்தரைக் கூட அனுப்பச் சொல்லுங்க, அம்மாவோ பாட்டியோ, முதல் நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.